சென்சாரைக் கழற்றும் முன்: பழைய பிக்கப்பில் கோளாறு தேடுவது எப்படி?

பல வருடம் உழைத்த பிக்கப் ஒன்றில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் திரையில் ஒரு குறியீடு வருகிறது, பக்கத்திலேயே ஒரு சென்சாரின் பெயரும் இருக்கிறது. சரி, இதுதான் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டுகிறோம். குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைகிறது. இரண்டு நாளில் மறுபடி எரிகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களின் பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். அப்படிக் கழற்றி எறியப்படும் சென்சார்களில் பல நல்ல நிலையிலேயே இருக்கும்.

சென்சாரின் வேலை அளந்து சொல்வது மட்டுமே. உடம்பு அனலாய்க் கொதிக்கும்போது தெர்மாமீட்டர் 103 காட்டினால் யாரும் தெர்மாமீட்டரைக் குறை சொல்வதில்லை. வண்டியிலும் அதே நியாயம்தான். எந்தக் குறியீடு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: சென்சார் சொல்வது உண்மையா, பொய்யா? உண்மை என்றால் கோளாறு இயந்திரத்தின் பக்கம் இருக்கிறது, அதாவது குழாய், கேஸ்கட், வால்வு, பேரிங் என்று ஏதோ ஒன்றில். பொய் என்றால் சென்சாரிலோ அதன் வயரிலோ கனெக்டரிலோ எர்த்திலோ இருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்பவை பெட்ரோல் இன்ஜினை மனதில் வைத்தவை. டீசலில் மின்சாரப் பக்கச் சோதனைகள் அப்படியே பொருந்தும், எரிபொருள் கலவை பற்றியவை பொருந்தாது.

குறியீட்டைப் படிப்பது

அமெரிக்காவில் 1996 மாடல் தொடங்கி கார்களுக்கும் இலகு ரக டிரக்குகளுக்கும் கோளாறைக் குறியீடாகச் சொல்லும் ஓபிடி-2 என்ற பொதுவான முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001இல் இதே போன்ற ஏற்பாடு வந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 முனை சாக்கெட் இதற்கானதுதான். சாதாரண ஸ்கேனர் ஒன்று இருந்தாலே இன்ஜின் தொடர்பான குறியீடுகளைப் படித்துவிடலாம்.

இன்ஜின், கியர்பாக்ஸ் தொடர்பானவை பி என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்த எண் 0 என்றால் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவானது, 1 என்றால் அந்தத் தயாரிப்பாளருக்கே உரியது. இந்த எண் கணக்கைவிட, குறியீட்டோடு வரும் விளக்க வரியைக் கவனமாகப் படிப்பது முக்கியம். அந்த வரிகளை நான் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பேன்.

முதல் வகையில் ‘சர்க்யூட்’ என்ற சொல் வரும். ‘சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம்’, ‘குறைவு’ என்பது போல. பி0118 இப்படிப்பட்டது: கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சாரின் சர்க்யூட்டில் இருக்கக்கூடாத அளவு உயர்ந்த வோல்டேஜ் என்று பொருள். இது மின்சாரப் பக்கப் புகார். வயர் அறுந்தோ கனெக்டர் கழன்றோ சென்சார் செத்தோ இருக்கலாம்.

இரண்டாவது வகை, இன்ஜின் நடந்துகொள்ளும் விதம் பற்றிய புகார். ‘கலவையில் எரிபொருள் குறைவு’, ‘மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்’ (கலவை சரியாக எரியாமல் தவறுவது), ‘இன்ஜின் போதிய சூட்டுக்கு வரவில்லை’. இவற்றில் பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. சென்சாரை மாற்றினால் புதிய சென்சாரும் அதே உண்மையைச் சொல்லும்.

ஒரு வேண்டுகோள்: குறியீட்டை உடனே அழித்துவிடாதீர்கள். கோளாறு பதிவான அந்த நொடியில் இன்ஜின் வேகம், சூடு, சுமை, வண்டியின் வேகம் எல்லாம் எவ்வளவு என்று இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்தது போலச் சேமித்து வைத்திருக்கும். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்பார்கள். கோளாறு இன்ஜின் குளிர்ந்திருந்தபோது வந்ததா, ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது வந்ததா என்று அதிலிருந்து தெரியும். அழித்தால் அதுவும் போய்விடும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு அழிப்பதானால் அழியுங்கள்.

எதற்கும் முன்னால் பேட்டரியும் எர்த்தும்

கம்ப்யூட்டரும் சென்சார்களும் சரியான மின்சாரத்தை நம்பி இருக்கின்றன. அது ஆட்டம் கண்டால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறியீடுகள் கும்பலாக வரும். மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

அடுத்தது எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதை. பிக்கப்பில் இது தனிக் கதை. சேஸிஸ், கேபின், பின்னால் இருக்கும் லோடு பாடி எல்லாம் தனித்தனித் துண்டுகள். கேபினும் இன்ஜினும் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கின்றன, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ஒன்றையொன்று இணைக்கச் செப்புப் பின்னல் பட்டைகளும் எர்த் வயர்களும் போட்டிருப்பார்கள். வருடக்கணக்கில் சேறும் ஈரமும் பட்டு அந்தப் போல்ட்டுகளுக்கு அடியில் துரு ஏறிவிடும். மேலே பார்த்தால் இறுக்கமாக இருக்கும், அடியில் தொடர்பு இருக்காது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, ஹெட்லைட் போட்டால் எரிபொருள் முள் நகர்கிறது என்றால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வெறும் கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், மறு முனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் தொட்டுக்கொள்ளுங்கள். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பழைய பிக்கப்பில் இந்த ஒரு வேலை தீர்த்து வைக்கும் புதிர்கள் ஏராளம்.

ஒரு சென்சாரை முழுதாக விசாரிப்போம்

கூலன்ட் வெப்ப சென்சாரை எடுத்துக்கொள்வோம். இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றை அணுகும் விதம் தானாகப் பிடிபடும். இரண்டே வயர். கம்ப்யூட்டர் தன் உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சாருக்குள் இருக்கும் பொருள் சூடாக ஆக மின்தடையைக் குறைத்துக்கொள்ளும். வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும், 20 டிகிரி செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரிக்கு மேல் சில நூறு ஓம் என்பது வழக்கமான அளவு. தடை மாறும்போது வோல்டேஜ் மாறுகிறது, அதைக் கம்ப்யூட்டர் டிகிரியாக எடுத்துக்கொள்கிறது.

முதல் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் நேரடி அளவுகளைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக, வெளியே இருக்கும் வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று 24, மற்றது 25 என்றால் இரண்டும் நம்பத்தக்கவை. ஒன்று 24, மற்றது 58 என்றால் எது பொய் சொல்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அளவு தப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். இப்போது சர்க்யூட் திறந்துவிட்டது, தடை எல்லையில்லாதது. ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி அல்லது அதையொட்டிக் காட்ட வேண்டும். அடுத்து, வண்டிப் பக்கக் கனெக்டரில் இருக்கும் இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். தடை பூஜ்யமாகிவிட்டது, அளவு ஒரேயடியாக உயர்ந்து 130, 140 டிகிரி என்று உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் சொன்னபடி நடந்தால் வயரிங்கும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன என்று நிரூபணமாகிவிட்டது. மிச்சம் இருப்பது சென்சார் மட்டும்தான், தயங்காமல் மாற்றலாம். இணைத்த பிறகும் மைனஸ் 40லேயே நின்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. எத்தனை சென்சார் மாற்றினாலும் அது சரியாகாது. சில வண்டிகளில் கம்ப்யூட்டர் கோளாறைக் கண்டதும் தானாக ஓர் அளவை வைத்துக்கொள்ளும். அவற்றில் இந்த மைனஸ் 40 தெரியாமல் போகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த வயர் இணைக்கும் சோதனை இரண்டு வயர் வெப்ப சென்சாருக்கு மட்டும். ஆக்சிலரேட்டர் நிலை, மேனிஃபோல்டு அழுத்தம் போன்றவற்றை அளக்கும் மூன்று வயர் சென்சார்களில் ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். எந்த முனை எது என்று தெரியாமல் அங்கே இணைத்தால் 5 வோல்ட்டை எர்த்தோடு சேர்த்துவிடுவீர்கள். அங்கு செய்ய வேண்டியது அளப்பது: 5 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா, சிக்னல் சீராக மாறுகிறதா. த்ராட்டில் சென்சாரில் மெதுவாக மிதிக்க மிதிக்க சுமார் 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட் வரை தடங்கலின்றி ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் துள்ளிக் குதித்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது.

இதில் இன்னொரு நுட்பம். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் வோல்டேஜ் விழுந்துவிடும், நான்கைந்து சென்சார்கள் ஒரே நேரத்தில் செத்தது போலக் குறியீடுகள் வரும். அப்போது அந்தக் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே 5 வோல்ட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். எதைக் கழற்றும்போது வோல்டேஜ் திரும்புகிறதோ, குற்றவாளி அதுதான். எதைக் கழற்றினாலும் திரும்பவில்லை என்றால் வயர்க் கற்றையைத் தேடுங்கள்.

பி0128 என்றொரு குறியீடும் இதே சென்சாரிடமிருந்துதான் வருகிறது. ஆனால் அது இரண்டாவது வகை: இன்ஜின் எதிர்பார்த்த சூட்டுக்கு வரவில்லை. சென்சார் உண்மை சொல்கிறது. கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருப்பதுதான் வழக்கமான காரணம். கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

எரிபொருள் போதவில்லை என்ற புகார்

பி0171, பி0174 இரண்டும் பழைய பிக்கப்புகளில் அடிக்கடி எட்டிப் பார்ப்பவை. பெட்ரோல் சரியாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் வேண்டும். சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் மிச்ச ஆக்சிஜனைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். இந்தத் திருத்தத்தைச் சதவீதமாக ஸ்கேனரில் பார்க்கலாம். ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்று இருக்கும். கூட்டலோ கழித்தலோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஆரோக்கியம், 10 வரை பொறுக்கலாம். கூட்டல் 20, 25 என்று போய்விட்டால் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று பொருள். அப்போதுதான் இந்தக் குறியீடு வரும்.

இதைக் கண்டதும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. அதற்குப் பதில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இன்ஜின் நன்கு சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ட்ரிம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து மறுபடி பாருங்கள்.

ஐடிலில் 22, வேகம் கூட்டியதும் 6 என்று இறங்கினால் வேக்யூம் கசிவு. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வரும் கணக்கில் வராத காற்று பெரிய பங்கு. வேகம் கூடும்போது மொத்தக் காற்று பெருகுவதால் அந்தப் பங்கு அற்பமாகிவிடுகிறது. இன்ஜின் அடிப்பகுதி வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி குழாயின் முழங்கை வளைவு, பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் ஆகியவற்றைத் தேடுங்கள். ரப்பர் குழாய்களை வளைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெடிப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கும். எரியக்கூடிய ஸ்ப்ரேயை அடித்துக் கசிவு தேடும் பழக்கம் பலரிடம் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீயில் முடியும். புகை செலுத்திப் பார்க்கும் கருவி பாதுகாப்பானது.

மாறாக ஐடிலில் ஒழுங்காக இருந்து சுமை ஏற ஏற ட்ரிம் உயர்ந்தால், எரிபொருள் போதிய அழுத்தத்தில் வரவில்லை, அல்லது காற்று அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கேறிக் குறைத்துச் சொல்கிறது. முதலாவதற்கு எரிபொருள் ஃபில்டரும் பம்ப்பும். இரண்டாவதற்கு, அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் கிளீனரால் கழுவிக் காயவைத்துப் பாருங்கள். மெல்லிய கம்பியை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள்.

வி வடிவ இன்ஜினில் இரண்டு பக்கமும் சேர்ந்து புகார் சொன்னால் காரணம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கக் கேஸ்கட்டையோ, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் இருக்கும் கசிவையோ பாருங்கள். எக்ஸாஸ்ட் ஓட்டை வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும், நல்ல சென்சாரும் அதைப் பார்த்துத் தவறான செய்தி சொல்லும்.

மிஸ்ஸிங்

விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால், கடுமையான மிஸ்ஃபயர் என்று அர்த்தம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக் கெடுக்கும். ஆக்சிலரேட்டரை விட்டு ஓரங்கட்டுங்கள்.

பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில் உள்ள வண்டியில் மூன்றாவதன் காயிலை எடுத்து ஐந்தாவதில் மாட்டி, அதனுடையதை இங்கே மாட்டுங்கள். குறியீடு பி0305 ஆக மாறினால் காயில்தான். மாறவில்லை என்றால் பிளக், பிறகு இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன். கம்ப்ரஷன் அளக்கும்போது மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் 75 சதவீதமாவது காட்ட வேண்டும். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். எந்தச் சென்சாராலும் இதைத் தீர்க்க முடியாது.

இன்ஜின் சூடானதும் நின்றுபோய், ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறதா? நின்ற உடனே செல்ஃப் அடித்துக்கொண்டே ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். இன்ஜின் சுற்றும்போதும் பூஜ்யம் காட்டினால் இன்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சாரும் அதன் வயரும்தான் முதல் சந்தேகம். இந்த நோய் குளிர்ந்த நிலையில் அளந்தால் பிடிபடாது.

சக்கரம், பேரிங், ஷாஃப்ட்

உலர்ந்த சாலையில் மெதுவாக வந்து நிற்கப் போகும் கடைசி நொடியில் பிரேக் பெடல் காலுக்கடியில் தடதடவென்று துடித்தால், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தேவையில்லாமல் வேலை செய்கிறது. சக்கர ஹப்பில் பல் வைத்த வளையமும், அதற்கு மிக நெருக்கமாக ஒரு காந்த சென்சாரும் இருக்கும். சென்சார் உட்காரும் இடத்தில் துரு பொங்கினால் அது சென்சாரை மேலே தள்ளிவிடும். இடைவெளி கூடும்போது சிக்னல் மெலிகிறது. பழைய வகைச் சென்சார்களில் வேகம் குறையும்போதும் சிக்னல் மெலியும். இரண்டும் சேர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று கம்ப்யூட்டர் தவறாக எண்ணிவிடுகிறது. சென்சாரைக் கழற்றி, அடியில் இருக்கும் துருவைச் சுரண்டி எடுத்தாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். பேரிங் ஆட்டம் கண்டாலும் இதே இடைவெளி மாறும் என்பதால், புதுச் சென்சார் வாங்கும் முன் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் வரும் ஆட்டம் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்தால் மட்டும் வந்தால் டை ராட்.

ஓட்டத்தில் அதிர்வு வந்தால், காலியான நேர்ச்சாலையில் அந்த வேகத்திலேயே நியூட்ரலுக்கு மாற்றி ஆக்சிலரேட்டரை விடுங்கள். அதிர்வு தொடர்ந்தால் சக்கரமோ புரொப்பல்லர் ஷாஃப்ட்டோ, நின்றுவிட்டால் இன்ஜின் பக்கம். ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது அடியில் ‘டக்’ என்று அடித்தால் யுனிவர்சல் ஜாயின்ட்டைப் பாருங்கள். அதன் கப்களைச் சுற்றித் துருநிறப் பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபடுகிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஓடும்போது ஷாஃப்ட் கழன்றால் உயிருக்கே ஆபத்து.

ஆயில் பிரஷர் விளக்கு மட்டும் வேறு சாதி. அங்கே சென்சார் பொய் சொல்கிறது என்று ஊகித்து ஓட்டாதீர்கள். இன்ஜினை அணைத்து ஆயில் அளவைப் பார்த்து, சென்சார் இருக்கும் துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி உண்மையான அழுத்தத்தை அளந்த பிறகே முடிவெடுங்கள்.

வந்து வந்து போகும் கோளாறும், வேலை முடிந்த பிறகும்

எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறுக்கு, இன்ஜினை ஓடவிட்டு ஸ்கேனரில் அந்த அளவைத் திறந்து வைத்து, வயர்க் கற்றையை ஒவ்வோர் இடமாக அசையுங்கள். பெல்ட்டிலும் ஃபேனிலும் கை படாமல். வயர் வளையும் இடமும், எக்ஸாஸ்டுக்கு அருகில் போகும் இடமும், எலி கடித்திருக்கக்கூடிய மறைவும்தான் முதலில். அளவு எந்த இடத்தில் துள்ளுகிறதோ, அங்கே டேப்பைப் பிரித்துப் பாருங்கள். கனெக்டர் உள்ளே பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் போட்டு, முனைகள் விரிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பழுது பார்த்து முடித்துக் குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைவது ஒன்றையும் நிரூபிக்காது. பல குறியீடுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கோளாறு தென்பட்டால்தான் கம்ப்யூட்டர் விளக்கை எரியவிடும். முதல் ஓட்டத்தில் தென்பட்டால் ‘பெண்டிங்’ என்ற பகுதியில் மட்டும் குறித்து வைக்கும். ஆகவே இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, நகர வேகத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து அந்தப் பெண்டிங் பட்டியலைத் திறங்கள். அது காலியாக இருந்து, கலவைக் கோளாறாக இருந்திருந்தால் ஃப்யூயல் ட்ரிம்மும் 5 சதவீதத்துக்குள் திரும்பியிருந்தால், கருவிகளை எடுத்து வைக்கலாம்.